மெஷின் வாங்க முதல் ஸ்ட்ரிப்பைக் கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் சீனி வருத்தக்காரர் ஒருவர் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

"டீச்சர், சீனி பார்க்கிற மெஷின் ஒண்டு வாங்கணும், எது நல்லம்?"

விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. பெற்றார் கூட்டத்திலும் கேட்கிறார்கள், கலியாண வீட்டிலும் கேட்கிறார்கள், இன்பொக்ஸிலும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. 2018, 2019 காலப்பகுதியில் நாடு முழுவதும் எடுத்த ஒரு ஆய்வின்படி, இலங்கையில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது நாலு பேர் உட்கார்ந்து ஒரு சஹன் சாப்பிட்டால், கிட்டத்தட்ட ஒருவர் சீனிக்காரர். நம்ம ஊர்க் கலியாணச் சாப்பாட்டைப் பார்த்தால் இந்தக் கணக்கு யாருக்கும் ஆச்சரியமாக இராது.

ஆனால் "எந்த மெஷின்?" என்பதை முதல் கேள்வியாக வைப்பது பிழை என்பதுதான் என் கருத்து. முதல் கேள்வி, "எந்த ஸ்ட்ரிப்பை என்னால் மாதாமாதம் தொடர்ந்து வாங்க முடியும்?" இரண்டாவது, "வருகிற இலக்கத்தை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்?" இந்த இரண்டுக்கும் பதில் வைத்துக்கொண்டு பாமசிக்குப் போனால், எந்த மெஷின் என்பது ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்?

மெஷின் ஒருதரம் வாங்குகிற பொருள். ஸ்ட்ரிப் காலமெல்லாம் வாங்குகிற பொருள். கொம்பனிக்காரனுக்கு இது நல்லாத் தெரியும். அதனால்தான் மெஷினை மலிவாகவும் சில நேரம் இலவசமாகவும் தருகிறான். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் கணக்குக்காக நான் போட்டவை. உங்கள் பாமசியில் கேட்டு உண்மையான விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மெஷின் 3,000 ரூபா, ஒரு ஸ்ட்ரிப் 120 ரூபா.
இரண்டாவது மெஷின் 7,000 ரூபா, ஒரு ஸ்ட்ரிப் 70 ரூபா.

நாளுக்கு ஒருதரம் பார்க்கிறவருக்கு வருடத்துக்கு 365 ஸ்ட்ரிப். முதல் மெஷினுக்கு மொத்தம் 46,800 ரூபா. இரண்டாவதுக்கு 32,550 ரூபா. "மலிவு" என்று வாங்கியவர் ஒரே வருடத்தில் 14,250 ரூபா கூடக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் இன்னும் கூட. தரம் 6 பிள்ளைக்குக் கொடுத்தாலும் போட்டுத் தரக்கூடிய கணக்கு இது. ஆனால் கடையில் நிற்கும்போது மெஷின் பெட்டியின் விலை மட்டும்தான் எங்கள் கண்ணில் படுகிறது.

அடுத்தது, வெளிநாட்டிலிருந்து வருகிற மெஷின்.

நம்ம ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் மத்திய கிழக்கில் இருக்கிறார். லீவில் வரும்போது உம்மா வாப்பாவுக்கு மெஷின் கொண்டு வருகிறார்கள். பாசத்தோடு கொண்டு வருவதுதான். ஆனால் அதில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

ஒன்று, அந்த ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காமல் போகலாம். எங்கள் குடும்பத்தில் ஒரு மாமாவுக்கு மகன் கொண்டு வந்த மெஷினுக்கு இதுதான் நடந்தது. கூட வந்த ஸ்ட்ரிப் முடிந்ததும் ஊர்ப் பாமசியில் இல்லை, பக்கத்து டவுனிலும் இல்லை. "அடுத்த முறை மகன் வரக்குள்ள கொண்டு வருவான்" என்று மெஷினை அலுமாரிக்குள் வைத்தார். எட்டு மாதம் ஒரு தரமும் பார்க்கவில்லை. மெஷின் வீட்டில் இருக்கிறது என்ற தைரியத்தில் கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போகவில்லை. காலில் செருப்பு வெட்டிய சின்னப் புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீனி 400ஐத் தாண்டியிருந்தது. இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. மெஷின் இப்போதும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது, பெட்டி கூடப் பழுதாகவில்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் பயங்கரமானது. அது அலகு. நாம் இலங்கையில் சீனியை மில்லிகிராம் கணக்கில் பேசுகிறோம்: 110, 180, 250 என்று. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளிலும் மத்திய கிழக்கின் சில நாடுகளிலும் மில்லிமோல் கணக்கில் பேசுகிறார்கள்: 5.5, 7.0, 10.0 என்று. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் நம்முடைய கணக்கு வரும். 5.5 என்றால் 99. 10 என்றால் 180.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த மெஷினில் 18.2 என்று வருகிறது. கண் பார்வை குறைந்த ஒரு உம்மம்மாவுக்கு நடுவிலுள்ள புள்ளி தெரியவில்லை. 182 என்று வாசிக்கிறார். "சாப்பிட்ட பிறகுதானே, பரவாயில்ல" என்று இருக்கிறார். உண்மையில் அவருடைய சீனி 328. இன்னொரு வீட்டில் 22 என்று வருகிறது. "ஐயோ சீனி இறங்கிட்டு" என்று சீனித் தண்ணி கரைத்துக் கொடுக்கிறார்கள். உண்மையில் அது 396. அநேகமான மெஷின்களில் அலகை நாம் மாற்ற முடியாது; தயாரிக்கும்போதே போட்டுவிடுகிறார்கள். ஆகவே வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மெஷின் அனுப்பாதீர்கள், காசை அனுப்புங்கள். இங்கே கிடைக்கிற மெஷினை இங்கே வாங்கட்டும். கட்டாயம் அனுப்பத்தான் வேண்டுமென்றால் பெட்டியில் மி.கி./டெ.லீ. கணக்கு இருக்கிறதா, அந்த ஸ்ட்ரிப் ஊரில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இனி, எல்லாரும் சண்டை பிடிக்கிற விஷயத்துக்கு வருவோம். "இந்த மெஷின் கூட்டிக் காட்டுது, அந்த மெஷின் குறைச்சுக் காட்டுது."

காலையில் உம்மாவின் மெஷினில் 182. சாச்சியின் மெஷினில் அதே நேரம் 205. உடனே ஒரு மெஷின் "பழுது" என்று தீர்ப்பு. அப்படித் தீர்ப்புச் சொல்ல முதல் இந்த மெஷின்களுக்கு இருக்கிற சர்வதேச விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ. 15197 என்பது அதன் பெயர். 2013இல் திருத்திய விதி. அது என்ன சொல்கிறது? ஆய்வுகூடத்தில் சீனி 100 அல்லது அதற்கு மேல் என்றால், மெஷின் காட்டுவதில் நூற்றுக்கு 95 தடவை 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருக்க வேண்டும். 100க்குக் குறைவென்றால் 15 புள்ளிக்குள் இருக்க வேண்டும்.

அதாவது உண்மையான சீனி 200 என்றால், 170 காட்டுகிற மெஷினும் நல்ல மெஷின், 230 காட்டுகிற மெஷினும் நல்ல மெஷின். உண்மை 80 என்றால் 65 முதல் 95 வரை சரி. உம்மாவின் உண்மையான சீனி 190 என்று வைத்துக்கொண்டால், 182ம் சரி, 205ம் சரி. இரண்டு மெஷினும் பாஸ். சண்டைக்குக் காரணமே இல்லை.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நேற்று 128, இன்று 141 என்றால் "சீனி கூடிட்டு" என்று பயப்படவும் வேண்டாம். நேற்று 141, இன்று 128 என்றால் "இறங்கிட்டு" என்று ஒரு துண்டு தொதல் கூட வைக்கவும் வேண்டாம். அந்தளவு சின்ன வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லும் சக்தி வீட்டு மெஷினுக்கு இல்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை எழுதிப் பார்த்து, மொத்தமாக எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை.

அப்படியென்றால் எல்லா மெஷினும் ஒன்றுதானா? இல்லை. 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில், அங்கே அனுமதி பெற்று விற்பனையில் இருந்த 18 வகை மெஷின்களை ஆய்வுகூடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான் மேலே சொன்ன 15 சதவீதக் கணக்கில் தேறியவை 6 மட்டும்தான். முதலிடம் கொன்டுவர் நெக்ஸ்ட். அக்கு-செக்கின் இரண்டு வகையும் தேறின. வோல்மார்ட் சூப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் மலிவாக விற்ற மெஷின் ஒன்றும் தேறியது. அதனால் "விலை கூடினால்தான் நல்லம்" என்பதும் பிழை, "எல்லாம் ஒண்டுதான்" என்பதும் பிழை.

நம்ம பாமசிகளில் கேட்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் எந்தக் கொம்பனிக்கும் விளம்பரம் செய்யவில்லை.

1. பெட்டியில் அல்லது உள்ளே இருக்கிற தாளில் ஐ.எஸ்.ஓ. 15197:2013 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கையில் மருத்துவ உபகரணங்களைப் பதிவு செய்வது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை. ஒன்லைனில் பெயர் தெரியாத பெட்டி வாங்குவதை விட, பதிவு செய்த பொருளைப் பில்லோடு பாமசியில் வாங்குவது பாதுகாப்பு.

2. ஒரே ஸ்ட்ரிப்பை ஊரில் குறைந்தது இரண்டு பாமசி விற்கிறதா? ஒரு கடையில் மட்டும் இருந்தால், அந்தக் கடையில் முடிகிற அன்று உங்கள் மெஷினும் முடிந்தது. 2022இல் நாடே மருந்துக்கு அலைந்ததை மறந்துவிடாதீர்கள்.

3. "கோட்" போட வேண்டிய மெஷினா? சில பழைய வகைகளில் ஸ்ட்ரிப் போத்தலோடு வருகிற சிப்பைச் செருக வேண்டும், அல்லது இலக்கத்தைச் சரி பார்க்க வேண்டும். புதுப் போத்தல் திறந்து, பழைய கோட்டோடு பார்த்தால் இலக்கம் பிழையாக வரலாம். வயதானவர்கள் தனியாகப் பாவிப்பதென்றால் கோட் இல்லாத வகையை வாங்குங்கள். அக்கு-செக் இன்ஸ்டன்ட், கொன்டுவர் பிளஸ் போன்றவை அப்படியானவை.

4. எவ்வளவு இரத்தம் வேண்டும்? சிலதுக்கு ஒரு மைக்ரோலீட்டருக்கும் குறைவாகப் போதும், சிலதுக்கு அதை விடக் கூட வேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கு இது முக்கியம். கொன்டுவர் பிளஸ்ஸில் முதல் சொட்டுப் போதாவிட்டால், சில விநாடிகளுக்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னும் கொஞ்சம் வைக்கலாம். வேறு பலதில் போதாவிட்டால் ஸ்ட்ரிப் வீண், காசும் வீண்.

5. இலக்கம் பெரிதாகத் தெரிகிறதா? கடையிலேயே உம்மாவின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கூடவா குறைவா என்று நிறத்தில் காட்டுகிற மெஷின்களும் இருக்கின்றன; எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவை உதவி.

6. பெட்டரி என்ன வகை, ஊரில் கிடைக்குமா?

இவ்வளவுதான். புளூடூத், போனில் வரைபடம் என்பதெல்லாம் பாவிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் நல்லம். இல்லாவிட்டால் ஒரு சி.ஆர். கொப்பியும் பேனையும் போதும்.

இப்போது முகநூலில் ஒரு விளம்பரம் ஓடுகிறது. கையில் கட்டுகிற மணிக்கூடு, விரலில் போடுகிற மோதிரம், "ஊசி குத்தாமல் சீனி பார்க்கலாம்" என்று. தயவுசெய்து வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகச் சீனி அளக்கிற எந்த ஸ்மார்ட் மணிக்கூட்டுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2024 பெப்ரவரியில் எச்சரிக்கை விட்டது. இன்சுலின் போடுகிறவர் அந்த மணிக்கூட்டை நம்பி அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. தோளில் ஒட்டுகிற லிப்ரே போன்ற சென்சர் வேறு விஷயம். அது தோலுக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி அளக்கிறது, நல்ல பொருள்தான். ஆனால் ஒன்று ஏறக்குறைய இரண்டு கிழமைதான். அதன் செலவு நம்மில் அநேகம் பேருக்குக் கட்டுப்படியாகாது.

நல்ல மெஷினையும் கெட்ட மெஷினாக்குகிற வேலைகளை நாம் வீட்டில் செய்கிறோம். அதையும் சொல்ல வேண்டும்.

கை கழுவாமல் பார்ப்பது. ஜப்பானில் 2011இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. பழம் உரித்த கையோடு சீனி பார்த்தால் இலக்கம் தாறுமாறாகக் கூடியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் கூடத்தான் காட்டியது. தண்ணியில் கழுவிய பிறகுதான் சரியாக வந்தது. மாம்பழம் வெட்டிய கை, பேரீச்சம்பழம் எடுத்த கை, தேத்தண்ணிக்குச் சீனி போட்ட கை எல்லாம் இதுதான். கழுவுங்கள், நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள், பிறகு குத்துங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் நோவும் குறைவு.

ஸ்ட்ரிப் போத்தலைத் திறந்து வைப்பது. ஸ்ட்ரிப்பில் இருப்பது நொதியம், தரம் 10இல் நாங்கள் படிப்பிக்கிற அதே நொதியம்தான். சூடும் ஈரமும் அதற்கு எதிரி. அநேகமான ஸ்ட்ரிப்புகளை 30 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். நம்ம கரையோர வெயிலில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும்? குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்? அதற்காகப் பிரிட்ஜுக்குள்ளும் வைக்க வேண்டாம், ஈரம் பிடிக்கும். அறையில் நிழலான இடத்தில், அதே போத்தலில், மூடியை இறுக்கி வையுங்கள். சில வகைக்குப் போத்தல் திறந்து மூன்று மாதம் அல்லது ஆறு மாதம் என்று கெடு இருக்கிறது. திறந்த திகதியைப் போத்தலிலேயே பேனையால் எழுதுங்கள். மாதத்துக்கு நாலு தரம் பார்க்கிறவர் மலிவென்று 50 ஸ்ட்ரிப் போத்தல் வாங்கினால், பாதிக்கு மேல் கெடு முடிந்து குப்பைக்குத்தான் போகும்.

ஒரே ஊசியைக் குடும்பமே பாவிப்பது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். விருந்தாளி வந்த வீட்டில், "எனக்கும் ஒருக்கா பாருங்க" என்று வரிசையாக விரல் நீட்டுகிறோம். ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் இப்படித்தான் ஒருவரிலிருந்து ஒருவருக்குப் போகும். ஊசியை மாற்றினாலும், குத்துகிற அந்தப் பேனை போன்ற கருவியை இன்னொருவர் பாவிக்கக் கூடாது. மெஷினைத் துடைத்துவிட்டுப் பகிரலாம். குத்துகிற கருவி பல்துலக்கி மாதிரி, ஆளுக்கொன்று. இலவச முகாம் நடத்துகிற நம் சங்கங்களும் ஒருதரம் பாவித்து எறிகிற ஊசியைத்தான் பாவிக்க வேண்டும்.

மெஷின் சரியா என்று பார்க்க ஆசைப்பட்டால் பக்கத்து வீட்டு மெஷினோடு ஒப்பிட வேண்டாம். அடுத்த முறை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கப் போகும்போது மெஷினையும் கொண்டுபோங்கள். இரத்தம் எடுத்த ஐந்து, பத்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். ரிப்போர்ட் வந்ததும் 15 சதவீதக் கணக்கைப் போடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள், ஏனென்றால் சாப்பிட்ட பிறகு விரல் நுனி இரத்தத்தில் சீனி, கை நாளத்து இரத்தத்தை விடக் கூடத்தான் இருக்கும். ஆய்வுகூடமும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. பாதுகாப்பு மருந்து போடாத குழாயில் இரத்தம் கிடந்தால், இரத்த அணுக்களே மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சீனியைத் தின்றுவிடும். காலையில் ஊரில் எடுத்து, மத்தியானம் டவுனுக்குப் போய்ப் பார்க்கிற இரத்தம் என்றால் எந்தக் குழாயில் எடுக்கிறார்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

சிலர் மெஷினைத் தனியாக நம்பக் கூடாது. இரத்தச்சோகை அதிகமாக உள்ளவர்களுக்கு மெஷின் கூட்டிக் காட்டலாம். விட்டமின் சி அதிக அளவில் எடுப்பவர்களுக்கும் சில மெஷின்களில் இலக்கம் மாறலாம். வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்கிற சிறுநீரக நோயாளிகளுக்கு, அந்தத் திரவத்தின் வகையைப் பொறுத்து, சில ஸ்ட்ரிப்புகள் வேறு சீனியையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். அமெரிக்காவில் இதனால் மரணங்கள் நடந்து 2009இல் எச்சரிக்கை விட்டார்கள். இப்படியானவர்கள் வைத்தியரிடம் கேட்டுத்தான் மெஷின் வாங்க வேண்டும்.

இனி என் இரண்டாவது கேள்வி. வருகிற இலக்கத்தை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

இது சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். இன்சுலின் போடாமல், மெட்ஃபோமின் போன்ற குளிசையில் மட்டும் இருக்கிறவர் நாளாந்தம் விரலைக் குத்துவதில் பெரிய பலன் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. தினமும் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் வருட முடிவில் எச்.பி.ஏ.1.சி. அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஏன்? பார்த்தும் அதை வைத்து ஒன்றும் மாற்றாதது காரணமாக இருக்கலாம். நாமும் அதைத்தான் செய்கிறோம். 240 வருகிறது. "ச்சே" என்கிறோம். மெஷினை மூடுகிறோம். மத்தியானம் அதே சோற்றுக் கோப்பை.

அப்படியானவர்கள் ஸ்ட்ரிப் காசில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து, வைத்தியர் சொல்கிற இடைவெளியில் எச்.பி.ஏ.1.சி. பார்க்கலாம். மெஷினை ஒரு கேள்விக்குப் பதில் தேடும்போது எடுக்கலாம். "இடியப்பம் எனக்கு எவ்வளவு கூட்டுகிறது? குரக்கன் ரொட்டி எவ்வளவு?" சாப்பிட முதல் ஒருதரம், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் ஒருதரம். கொப்பியில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது என்று உங்களுக்கே விளங்கும். மருந்து மாற்றினால், காய்ச்சல் வந்தால், தலை சுற்றினால், நோன்பு காலத்தில், கூடப் பாருங்கள். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுக்கிறவர்களுக்குச் சீனி இறங்கும் அபாயம் இருப்பதால் அவர்கள் வைத்தியர் சொல்கிறபடி பார்க்க வேண்டும்.

நோன்பு என்றதும் ஒரு விஷயம். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதுதான் உலமாக்கள் பரவலாகச் சொல்லி வருவது. அதற்குப் பயந்து பார்க்காமல் இருக்க வேண்டாம். நோன்பு காலத்துக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டல், சீனி 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ நோன்பை விட்டுவிடச் சொல்கிறது. அஸருக்குப் பிறகு வியர்த்து, கை நடுங்கி, "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று கிடக்கிற நம் உம்மாமாரைத்தான் நினைத்து எழுதுகிறேன். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். பாருங்கள். 70க்குக் கீழே என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்.

கடைசியாக, இந்தப் பதிவை எழுத என்னைத் தூண்டிய விஷயம்.

நம் சங்கங்கள், வெளிநாட்டு நண்பர்கள், பள்ளி நிருவாகங்கள் மெஷின் பகிர்ந்தளிப்பு நடத்துகிறார்கள். மேடை, பெனர், போட்டோ. நல்ல நோக்கம்தான், அல்லாஹ் கூலி தருவான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது அநேகமாகப் பத்து ஸ்ட்ரிப். பதினொராவது ஸ்ட்ரிப்பை அந்த ஏழைத் தாய் எங்கே வாங்குவார்? பத்து நாளில் முடிகிற உதவிக்கு ஐம்பது மெஷின் ஏன்?

இன்னொரு பக்கம், நம் பாடசாலைகளில் முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் இல்லாமல் உயிர் இல்லை. சீனி தின்றதால் வந்த வருத்தமும் அல்ல இது. ஒரு நாளைக்கு நாலு தரமாவது பார்க்க வேண்டும். மாதத்துக்கு 120 ஸ்ட்ரிப். மேலே போட்ட 70 ரூபாக் கணக்கில் 8,400 ரூபா. கூலி வேலை செய்கிற வாப்பா ஒருவர் இதை எப்படிக் கொடுப்பார்? அதனால் நாலு தரம் பார்க்க வேண்டிய பிள்ளையை ஒருதரம் பார்க்கிறார்கள், மிச்சத்தை முகத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். இடைவேளைக்கு முந்திய பாடத்தில் ஒரு பிள்ளை மேசையில் தலை வைத்துப் படுத்தால், சோம்பலா, நித்திரையா, சீனி இறங்கிவிட்டதா என்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் ஒரு ஸ்ட்ரிப்தான் பதில் சொல்லும்.

ஆகவே சங்கக்காரர்களிடமும் ஸகாத் கமிட்டிகளில் இருக்கிறவர்களிடமும் நான் கேட்பது இது. ஐம்பது பேருக்கு மெஷின் கொடுக்கிற காசில், இன்சுலின் போடுகிற ஐந்து பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஸ்ட்ரிப் பொறுப்பை எடுங்கள். ஊரில் எல்லாருக்கும் ஒரே வகை மெஷின் என்று தீர்மானித்தால், பாமசியோடு பேசி மொத்தமாக விலை குறைத்து வாங்கலாம். யாருக்கு என்பதை ஊர்க் கிளினிக் வைத்தியரிடமோ எம்.ஓ.எச். அலுவலகத்திலோ கேட்டுத் தெரியலாம். போட்டோ வராது. ஒவ்வொரு மாதமும் பாமசி பில் மட்டும்தான் வரும். அந்தப் பில்லுக்குத்தான் நன்மை கூட என்று நான் நம்புகிறேன்.

நான் வைத்தியர் இல்லை. மருந்தின் அளவை என் பதிவைப் பார்த்தோ மெஷினைப் பார்த்தோ மாற்ற வேண்டாம். கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் வைத்தியரிடம் போங்கள். பாமசி வைத்திருக்கிறவர்கள், தாதிமார், வைத்தியர்கள் யாராவது இதை வாசித்தால், எந்த ஸ்ட்ரிப் இப்போது ஊரில் தட்டுப்பாடில்லாமல் இருக்கிறது, என்ன விலை என்று கீழே எழுதுங்கள். நூறு பேருக்கு உதவும்.

வீட்டில் அலுமாரிக்குள் மெஷின் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே எடுத்து ஸ்ட்ரிப் போத்தலின் திகதியைப் பாருங்கள். யாருக்காவது பிரயோசனப்படும் என்றால் பகிருங்கள்.

அல்லாஹ் நம் எல்லாருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.